சட்டிகளும் பியானோவும் உங்கள் மூச்சும்

அக்கா,

நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று குத்துவிளக்கை எடுத்து வைத்துப் புளி கரைத்தேன். தேய்க்கத் தொடங்கியதும் அந்த மணம் வந்தது, புளிப்பும் உலோகமும் கலந்த மணம். கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அதோடு வேலை நின்றுபோனது. குழாயை மூடிவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். விளக்கு பாதி கறுப்பும் பாதி மினுக்கமுமாய் தொட்டிக்குள் கிடக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்வதுபோலத்தான் எழுத வரும். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதை முதலில் இருந்து சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

இங்கே புட்ஸ்கிரே ஊர் மண்டபத்தில் துப்புரவு வேலை கிடைத்து மூன்றாவது கிழமை அது. வியாழன் பின்னேரம் நடைபாதையை மொப் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன் காலுக்கு வந்தது. பிறகு மொப் தடி வழியாகக் கைக்கு ஏறியது. வாளித் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. எனக்கு என்ன ஏது என்று யோசிக்க நேரமில்லை. தடியைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக் குந்திவிட்டேன். குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தால் எங்கள் ஆட்கள் அதைத்தான் செய்வார்கள். படகில் ஏறி இவ்வளவு தூரம் வந்தும் உடம்பு மறக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் நீங்கள். யாரென்று எனக்குத் தெரியாது. என் நெற்றிப் பொட்டைப் பார்த்திருப்பீர்கள் போல, எடுத்த எடுப்பிலேயே தமிழில் பேசினீர்கள். சிரிக்கவில்லை. ஈரத் தரையில் எனக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"பயந்துட்டீங்களா? மணிதாம்மா அது. வாங்க, வந்து தொட்டுப் பாருங்க."

"வேண்டாம் அக்கா. எனக்கு வேலை கிடக்கு."

"தரை எங்கயும் ஓடிடாது. வாங்க."

உள்ளே கூட்டிப்போனீர்கள். பெரிய மரச்சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அந்த மணி, கொங் என்று பெயர், பெரிய வெண்கல வட்டம். எங்கள் ஊரில் சேமக்கலம் என்றால் ஒரு கையில் தூக்கலாம். இது என் இரண்டு கையையும் விரித்தாலும் அடங்காது. என் உள்ளங்கையைப் பிடித்து அதன்மேல் வைத்தீர்கள். அடித்து எவ்வளவோ நேரமாகியும் உள்ளே அது நடுங்கிக்கொண்டே இருந்தது. பசுவின் வயிற்றில் கை வைத்தால் கன்று அசைவது தெரியுமே, அப்படி. நிலத்தை அதிர வைக்கிற ஒன்று ஒருவரையும் ஒன்றும் செய்யாமல் நிற்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். வாய் திறந்தபடி நின்றேன் என்று நீங்கள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அதற்குக் கமெலான் என்று பெயர் சொன்னீர்கள். ஜாவாக்காரரின் வாத்தியம், ஒன்றல்ல, ஒரு கூட்டம். கட்டைகள், தட்டுகள், குடைந்த சட்டிகள், எல்லாம் வெண்கலம். ஒரு ஜாவாக்காரர்தான் அங்கே பழக்கினார். பாக் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். நாங்கள் ஐயா என்பதுபோல என்று விளங்கப்படுத்தினீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வாத்தியத்தைக் கடந்து கால் வைக்கக்கூடாது, சுற்றித்தான் போகவேண்டும். வியாழக்கிழமையில் கொங்குக்குக் கீழே பூ வைப்பார் பாக். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ரோஜா.

"எங்கட வெள்ளிக்கிழமை மாதிரி" என்றேன் நான்.

"ஒரு நாள் முன்னாடியே கும்பிட்டுடறாங்க, உஷாரானவங்க" என்றீர்கள் நீங்கள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் வேலையை வேளைக்கு முடித்துவிட்டுக் கதவடியில் இருந்து கேட்கத் தொடங்கினேன். பகலில் நீங்கள் வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. பின்னேரம் கழுத்தில் சாக்ஸபோன். உங்கள் அப்பா திண்டுக்கல்லில் கல்யாண ஊர்வலங்களுக்கு பேண்டு செட்டில் ஊதியவர், அவரிடம் பழகியது என்றீர்கள். இங்கே வந்து ஜாஸ் ஊதினீர்கள். "பொண்ணு இதை ஊதினா மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்னு எங்கம்மா அழுதாங்க. கிடைச்சிட்டாரு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்." உங்கள் அவர் அந்தப் பக்கத்துக் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துக் கை காட்டினார். அவருக்கு அது கேட்கவில்லை.

கமெலானையும் ஜாஸையும் சேர்த்து நீங்கள் ஒரு பாட்டு உண்டாக்கிக்கொண்டிருந்தீர்கள். ஏன் அக்கா இரண்டையும் சேர்க்க வேணும் என்று கேட்டேன். "ஜாஸ்ல ஒவ்வொருத்தரா எந்திரிச்சு அவங்க கதையைச் சொல்வாங்க. இங்க யாரும் தனியா எதையும் சொல்றதில்ல, எல்லாருமாச் சேர்ந்து ஒண்ணைத்தான் சொல்றாங்க. எனக்கு ரெண்டும் வேணும்மா. பேராசைதான்."

அந்தப் பேராசைக்குத்தான் பியானோக்காரன் இடைஞ்சலாக வந்தான். கெட்டவன் இல்லை. நல்ல வாசிப்பு, நீண்ட மெல்லிய வெள்ளைக்காரன், எப்போதும் ஒரு ஆப்பிள் பையில் இருக்கும். ஆனால் அவன் ஒரு கட்டையை அழுத்த, பாக் ஒரு சட்டியைத் தட்ட, இரண்டும் ஒன்றோடு ஒன்று சண்டை பிடிக்கும். எனக்கே பல் கூசியது. சட்டியின் சத்தம் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுகிறது, நடுவில் கட்டை இல்லை என்று விளங்கப்படுத்தினீர்கள். உங்கள் சாக்ஸபோனை உதட்டால் வளைக்கலாம். பியானோவை எதால் வளைப்பது?

சட்டிகளை அராவலாம் என்றான் அவன். அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பியானோவுக்குச் சரியாக வந்துவிடும், செய்யத் தெரிந்த ஆளும் உண்டு. பாக் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கூட்டத்தில் பாதிப் பேர் அவன் பக்கம். அடுத்த வியாழன் எல்லோரும் கை உயர்த்தி முடிவெடுப்பது என்றார்கள்.

அன்றைக்கு என்னைக் காரில் வீட்டில் இறக்கிவிட வந்தீர்கள். வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தீர்கள். நெஞ்சில் கட்டி என்று அப்போதுதான் சொன்னீர்கள்.

"நாலஞ்சு மாசம்ங்கிறாங்க. கூடவும் இருக்கலாம். அழாத. அழுதா இந்த சீட்டெல்லாம் நனையும், நீதான் தொடைக்கணும்."

கார்க் கதவைத் திறக்கப் பிடித்த கையை எடுத்து மடியில் வைத்தேன்.

"ஒரே ஒரு வாட்டி அந்தப் பாட்டை முழுசாக் கேட்டுட்டா போதும்மா. வேற ஒண்ணும் கேக்கல."

"அப்ப அராவச் சொல்லுங்கோவன் அக்கா. கெதியா முடியும்தானே."

"அராவினா அது பியானோ பேசறதைத்தான் பேசும். பியானோதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அராவினால் உங்களுக்கு அது வேண்டாம். அராவாவிட்டால் அது முடியாது. நேரமோ இல்லை. நான் என்ன செய்ய? எனக்குச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது கழுவுவது.

புதன்கிழமை காலை மண்டபம் வெறுமையாக இருந்தது. வீட்டிலிருந்து ஒரு கட்டிப் புளி கொண்டுபோயிருந்தேன். பத்துச் சட்டிகளும் கறுத்துப்போய்க் கயிற்றின்மேல் கவிழ்ந்திருந்தன. நாளைக்கு அதுகளுக்குத் தீர்ப்பு. கறுத்த முகத்தோடு இருக்கவேண்டாம் என்று நினைத்தேன். கோயிலில் பெரிய பூசைக்கு முதல் நாள் பாத்திரம் மினுக்குவது போலத்தான். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்துக் குசினித் தொட்டியில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். என்ன பாரம். பொன்போல வந்தது அக்கா. ஈரம் துடைத்துத் திரும்ப அடுக்கினேன். வீட்டில் எப்படி அடுக்குவோம்? பெரிசு இடது பக்கம், வரவரச் சின்னது வலது பக்கம். முன்வரிசை அப்படி. பின்வரிசையும் அப்படி. தூரத்தில் நின்று பார்த்தேன். எனக்கு நிறைந்த திருப்தி.

பின்வரிசையில் பெரிசு வலது பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?

வியாழன் பின்னேரம் பாக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சட்டிகளைப் பார்த்ததும் நின்றார். கிட்டப்போய் முன்வரிசையில் ஒன்றை விரல்கணுவால் தட்டிக் காதைக் கொடுத்தார். பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. கடைசியில், தோல்தான் போயிருக்கிறது, குரல் இருக்கிறது என்று சொன்னாராம், நீங்கள்தான் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. பின்வரிசையில் எந்தச் சட்டி எங்கே என்று பார்க்கவும் இல்லை. பளபளப்பில் அவருக்கும் கண் கூசிப்போனது.

நெஞ்சு சரியில்லை என்று நீங்கள் அன்றைக்குச் சாக்ஸபோனை எடுக்கவில்லை. சட்டிகளுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தீர்கள். கை உயர்த்துவதற்கு முதல் ஒரு தரம் வாசித்துவிடுவோம் என்றீர்கள். பியானோக்காரனைப் பார்த்தபடியே, கீழே பார்க்காமல், இரண்டு கையாலும் முன்னே ஒன்று பின்னே ஒன்றாகச் சேர்த்துத் தட்டினீர்கள். ஒரே சுரம், ஒன்று கீழே ஒன்று மேலே வர வேண்டிய இடம். வந்தது வேறு. ஒருநாளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திராத இரண்டு சத்தம் சேர்ந்து எழும்பியது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழும்பி ஓடி வந்தேன். வாத்தியத்தைக் கடந்து கால் வைக்காமல் சுற்றி வந்தேன், அந்த நேரத்திலும்.

"அக்கா, நான்தான் கழுவினனான். சட்டிதானே எண்டு அளவு பாத்து அடுக்கிப்போட்டன். என்னை வேலையால நிப்பாட்டச் சொல்லாதேங்கோ. விசாவுக்கு இந்த வேலைக் கடுதாசிதான் கிடக்கு."

"அளவு பாத்து அடுக்கினியா?" நீங்கள் இரண்டு வரிசையையும் குனிந்து பார்த்தீர்கள். "அம்மாடி. எங்க வீட்டு அலமாரியையும் ஒரு நாள் வந்து அடுக்கிக் கொடு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "இரு. தப்பா வந்தா இன்னொரு வாட்டி வாசிச்சுப் பாக்கணும். ரெண்டாவது வாட்டியும் பிடிச்சிருந்தா அது தப்பில்ல."

மீண்டும் தட்டினீர்கள். மெதுவாக, அதே கைப்பழக்கம், அதே இடங்கள். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று உரசி, நடுவில் ஒரு அலை கிளம்பியது. நீங்கள் விடாமல் தட்டிக்கொண்டே போனீர்கள். தெரிந்த மெட்டு, ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றது.

பியானோக்காரன் முதலில் சிரித்தான். ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணமே அவனுக்குப் போய்விட்டது போல. விளையாட்டாக இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினான். பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டும் ஒரே நேரத்தில். அக்கா, சட்டியின் சத்தம் போய் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்துவிட்டது. அதற்கென்றே இடம் விட்டு வைத்ததுபோல. எனக்குத் தெரிந்தது என்றால் யாருக்குத்தான் தெரிந்திருக்காது. அவன் சிரிப்பதை நிறுத்தினான். இன்னொரு இரண்டை அழுத்தினான். இன்னொரு இரண்டை. இல்லாத கட்டையை ஜாஸ்காரர்கள் இப்படித்தான் உண்டாக்குவார்கள், இவ்வளவு நாளும் யோசிக்கவில்லையே என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டான் என்று பிறகு சொன்னீர்கள். பாக் மேளத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கண் முன்னால் ஒரு வீடு எழும்புவதைப் பார்த்தவள் போல நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அன்றைக்கு ஒருவரும் கை உயர்த்தவில்லை. அரத்தைப் பற்றிய பேச்சும் அதோடு போயிற்று.

அந்தப் பாட்டுக்கு மட்டும் பின்வரிசையை இன்றைக்கும் என் அடுக்கில்தான் வைக்கிறோம்.

கொங்கை நான் அடிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது விளையாட்டு என்று நினைத்தேன்.

"எனக்கு இங்கிலிஷ் எழுத்தே ஒழுங்கா வாசிக்கத் தெரியாது அக்கா."

"எழுத்து யாரு கேட்டா? இவங்க பாட்டை நம்பர்லதான் எழுதறாங்க. ஒண்ணு ரெண்டு மூணு தெரியும்ல? முப்பத்திரண்டு எண்ணு, ஒரு அடி அடி. அவ்வளவுதான் உன் வேலை. எல்லாரும் உனக்காகத்தான் காத்திருப்பாங்க."

உண்மைதான். கொங் விழும் வரை ஒன்றும் முடிவதில்லை. அடிப்பதற்கு முன்னால் பொல்லுத் தடியால் மெல்லத் தொட்டு அதை எழுப்பிவிட வேண்டும் என்று பாக் காட்டித் தந்தார். முப்பத்திரண்டு எண்ணப் பழகினேன். பேருந்தில் எண்ணினேன், மொப் பண்ணும்போது எண்ணினேன். ஆனால் உங்கள் பாட்டின் கடைசியில் எண்ணிக்கை இல்லை. எல்லோரும் அடங்க, பாக் மட்டும் ஒரு சட்டியை மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, நீங்கள் தனியாக ஊதுவீர்கள். எவ்வளவு நேரம் என்று ஒருவருக்கும் தெரியாது. உங்கள் மூச்சு முடியும் இடத்தில் நான் அடிக்க வேண்டும். பழகும்போது ஒவ்வொரு முறையும் முந்திவிட்டேன். "என்னை சீக்கிரம் அனுப்பிடணும்னு பாக்கறியா?" என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது.

உங்கள் பாட்டின் கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. பிளாஸ்டிக் கதிரைகள் எல்லாம் நிறைந்திருந்தன. பாதிக் கதிரைகளை நானே காலையில் அடுக்கியிருந்தேன். நீங்கள் இருந்த பொயிண்ட் குக்கில் இருந்து உங்கள் ஆட்கள் பட்டுச்சேலையோடு வந்து செருப்பு வைக்க இடம் தேடினார்கள். நீங்கள் நீலச் சேலை. நிற்க முடியாமல் கதிரையில் இருந்தீர்கள்.

கடைசி இடம் வந்தது. ஊதினீர்கள், நிறுத்தினீர்கள். முடிந்துவிட்டது என்று என் கை எழும்பியது. உங்கள் புருவம் லேசாக அசைந்தது. இறக்கினேன். திரும்ப ஊதினீர்கள், திரும்ப நிறுத்தினீர்கள். மூச்சு எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது, ஊதுவதைவிடப் பெரிசாக. மூன்றாவது தரம் ஒரே ஒரு சுரம். அது பாக் தட்டும் சட்டியின் சத்தத்தோடு சேராமல் உரசி உரசி நடுங்கியது. நீங்கள் உதட்டால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டு போனீர்கள். நடுக்கம் மெதுவாகியது. இன்னும் மெதுவாகியது. கடல் அடங்குவதைப் பார்த்தவள் நான், எங்கள் படகு தத்தளித்து விடியும்போது அப்படித்தான் அடங்கியது. பிறகு நடுக்கமே இல்லை. இரண்டு சத்தம் ஒரு சத்தமாகிவிட்டது. எது வெண்கலம், எது உங்கள் மூச்சு என்று பிரிக்க முடியவில்லை. உலகத்தில் அப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அது தேய்ந்து போனது. புருவம் அசையவில்லை.

அடித்தேன்.

அந்தச் சத்தம் ஓயும் வரை ஒருவரும் கை தட்டவில்லை. கைக்குழந்தை ஒன்றுகூட அழவில்லை. நீங்கள் சாக்ஸபோனை மடியில் படுக்க வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"கேட்டுட்டேன்" என்றீர்கள்.

ஆறு கிழமை கழித்துப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை வாசிக்கும்போது உங்கள் இடத்தை வெறுமையாகவே விட்டோம். பாக் சட்டியைத் தட்டுவார், மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். உங்கள் மூச்சு முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் இடத்தில் அடிப்பேன். நான் எண்ணுவதில்லை. ஒருவரும் அதைப் பிந்திவிட்டது, முந்திவிட்டது என்று சொன்னதில்லை. அப்படியே இருந்திருக்கலாம். போன மாதம் பியானோக்காரன் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். சாக்ஸபோன் ஊதுகிறவள், பகலில் நீச்சல் பழக்குகிறாளாம். உங்கள் இடத்தில் அவள் ஊதட்டுமா என்று என்னைத்தான் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அக்காவின் இடம் அது, அப்படியே கிடக்கட்டும் என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன்.

பாக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இங்கே எந்த வாத்தியமும் ஒருவருக்குச் சொந்தமில்லை, ஒருவர் எழும்பினால் அடுத்தவர் இருப்பார் என்றார். நீ வருவதற்கு முன் அந்த கொங்கை வேறொருவர் அடித்தார், தெரியுமா என்று கேட்டார். அந்த ஆள் எங்கே என்று நான் இதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை யோசித்தேன். அந்தப் பாட்டை ஒரு தரம் முழுதாகக் கேட்கத்தானே அவ்வளவு பாடுபட்டீர்கள். நாங்கள் அதைக் குறையாக வாசித்துக்கொண்டு இருந்தோம். அதை எனக்குச் சொல்ல வேறு ஆள் தேவையா? சரி, வரட்டும் என்றேன்.

போன வியாழன் அவள் ஊதினாள். உங்களைப்போல இல்லை. உங்களுடையது கரகரப்பு. இவளுடையது வழுவழுப்பு. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. ஊதிக்கொண்டே போய் அவளும் அந்தச் சட்டியைத் தேடினாள், உரசினாள், வளைத்தாள். நடுக்கம் குறையத் தொடங்கியது. உங்கள் மூச்சின் அளவு வந்ததும் என் கை தானாக எழும்பியது. அவள் நிறுத்தவில்லை. நீச்சல்காரியின் நெஞ்சு, காற்று இன்னும் மிச்சம் இருந்தது. பொல்லு அந்தரத்தில் நிற்கிறது. உங்கள் இடம் தாண்டிப் போகிறது. அடித்துவிட வேண்டும்போல ஒரு வெறி வந்தது அக்கா, பொய் சொல்லக்கூடாது. பிடித்துக்கொண்டேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். நாங்கள் யாரும் இதுவரை கேட்டிராத இடத்துக்கு உங்கள் பாட்டு போனது. அங்கேயும் இடம் இருந்தது. அவள் மூச்சு முடிந்தது. அடித்தேன்.

உங்கள் மூச்சின் நீளம் என் வலது தோளில் இருக்கிறது. யார் ஊதினாலும் அந்த இடத்தில் கை எழும்பும். எழும்பட்டும். அதன் பிறகு, ஊதுகிறவர்களுக்காகக் காத்திருப்பேன்.